மூன்று லோரி மணல்

சனிக்கிழமை மூன்று மணிக்கு
'பெட்டியைக் கட்டு' தொடங்கும்.
பத்தொன்பது வருடமாய் அதே தொடக்க இசை,
அதே பிரமிளா.
முதல் வருடம் காதில் பெரிய வளையம்,
இப்போது மூக்குக்கண்ணாடி.
நடுவில் ஒரு பருவம் முழுக்க
கேமராவுக்குப் பின்னால் யாரோ கைக்குழந்தையைத் தூக்கி வைத்திருந்தார்கள்.
வெனிஸ் படகில் அவள் பேசப் பேச
அழுகை மட்டும் எங்கள் வீடுவரை கேட்டது.

ஜொகூரில் வார விடுமுறையே
ஞாயிறிலிருந்து வெள்ளிக்குப் போய்
மறுபடி ஞாயிறுக்கு வந்துவிட்டது.
லாபிஸில் சனி மூன்று மணி
அசையவில்லை.
அந்த நேரத்தில் குணாளன் குலை ஏற்றப் போகமாட்டார்,
மேண்டோர் போன் அடித்தாலும்.

முடிவில் ஒரு கேள்வி வரும்.
பதில் அனுப்ப ஒரு வெள்ளி.
நயாகரா எந்த நாட்டில்?
"ரெண்டு நாட்டுலயும்தான் விழுது, என்ன கேள்வி இது"
என்று திட்டிக்கொண்டே
இரண்டையும் அனுப்பினார், இரண்டு வெள்ளி.
எங்களிடம் பாஸ்போர்ட் கிடையாது.

போன நவம்பரில் ஜெயித்தோம்.
பெர்த் இல்லை. பாலிகூட இல்லை.
மூன்று நாள் இரண்டு இரவு, காலைச் சாப்பாட்டோடு,
துரை பங்களா உல்லாசத் தங்கல்.
வீட்டிலிருந்து பதினோரு கிலோமீட்டர்.

பக்கத்து வீட்டுச் சிவகாமி சிரித்த சிரிப்பில்
கொடியிலிருந்த துணி ஆடியது.
குணாளன் சிரிக்கவில்லை.
"அந்த நீச்சல்குளத்துக்கு மணல் அடிச்சதே நான்தான்.
மூணு லோரி. அறுநூத்தி நாப்பது வெள்ளி பாக்கி."
பல்துலக்கி எடுத்துவைக்கும் முன்
பழைய பில்லை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

சக்கரம் வைத்த பெட்டி ஒன்று வாங்கியிருந்தேன்.
மைவியை வாசலில் விடச் சொன்னார்கள்;
உள்ளே சரளைக்கல் பாதை, சக்கரம் உருளவில்லை.
தலையில் தூக்கிக்கொண்டு நடந்தேன்.
வரவேற்பில் நூருல் என்னைப் பார்த்து
பின்வாசலைக் காட்டினாள்.
பிறகு, பாவம், இரண்டு தடவை கொய்யாச்சாறு கொண்டுவந்தாள்.

முதலாளி இல்லையாம்.
விடுமுறைக்கு ஹொக்கைடோ போயிருக்கிறாராம்.

மறுநாள் கேமரா வந்தது.
பிரமிளா நேரில் குள்ளம்.
குதிகாலில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தாள்.
"எப்படி இருக்கு உங்க கனவு விடுமுறை?"
குணாளன் பில்லை விரித்தார்.
தேதி சொன்னார், லோரி எண் சொன்னார்,
மணலை எந்த ஆற்றில் ஏற்றினார் என்பதையும் சொன்னார்.
கேமராக்காரப் பையன் பங்களாப் பக்கம் திரும்பிக்கொண்டான்.
பிரமிளா முழுசாகக் கேட்டாள்.
சட்டையில் குத்திய மைக்கை உள்ளங்கையால் மூடி
"எனக்கும் ஏப்ரல்ல இருந்து வரலண்ணே" என்றாள்.

அன்று ராத்திரி நைட்டியோடு குளத்தில் இறங்கினேன்.
நீச்சல் உடை இல்லாதவர் இறங்கக்கூடாதென்று
மலாயில் பலகை இருந்தது.
இருட்டில் எனக்கு மலாய் தெரியாது.
மல்லாந்து கிடந்தேன். காதுக்குள் தண்ணீர்.
சுற்றிலும் செம்பனை, மேலே
அதற்கு நடுவில் விட்டிருந்த கொஞ்சம் வானம்.
எவ்வளவு நேரமென்று தெரியவில்லை.
அவர் கரையில் உட்கார்ந்து
கால்விரலால் ஓட்டைத் தட்டிப் பார்த்து
"அடியில சரியாத்தான் போட்டிருக்கானுங்க" என்றார்.

நாலு வாரம் கழித்து ஒளிபரப்பினார்கள்.
குணாளன் வாயைத் திறக்கிறார்,
புல்லாங்குழல் வருகிறது.
கையில் பில், பார்க்க
ஊர்ப்படம் மாதிரி இருக்கிறது.
"ரொம்ப சந்தோஷம்" என்கிறேன் நான்.
அது காலையில் தோசை உண்டா என்று கேட்டு
நூருல் உண்டென்றபோது சொன்னது.

பிறகு கேள்வி வந்தது.
ஆஸ்திரேலியாவின் தலைநகர் எது?
அவர் மேசையில் தேடினார், தலையணைக்கடியில் தேடினார்.
போன்மேல்தான் நான் உட்கார்ந்திருந்தேன்.
கொஞ்ச நேரம் எழவில்லை.